சாக்கை எடுக்கும் முன் தெரு வடிகாலைப் பாருங்கள்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நான் முதன்முதலாகக் குப்பை பொறுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு திருட்டு செய்தேன். ஊரூர் குப்பத்துப் பக்கம் மணலில் பாதி புதைந்து ஒரு வலைச் சுருள் கிடந்தது. கைவிட்ட வலைகளில் ஆமைகள் சிக்கிச் சாகின்றன என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையனும் நானுமாக இழுத்துச் சாக்கில் திணித்துவிட்டோம். படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, எங்க எத்துனு போற? அது என் வலைம்மா."

"மன்னிச்சுக்குங்கய்யா, குப்பைன்னு நெனச்சுட்டோம்."

"கேட்டுட்டு எடு. கேட்டா சொல்ல மாட்டமா?"

ஆக, முதல் விதி: கரையில் கிடக்கும் வலை, கயிறு, மிதவை எதையும் மீனவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள். உண்மையிலேயே வீணாய்ப் போன வலை என்றால் அவர்களே காட்டுவார்கள். அதையும் முழுசாகக் குப்பையில் போடாமல் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் குப்பைமேட்டில் மேயும் மாட்டின் கால் அதில் சிக்கும்.

அந்தப் பெரியவரிடம்தான் நீரோட்டத்தைப் பற்றியும் கற்றுக்கொண்டேன். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. அடையாற்றின் முகத்துவாரம் புரோக்கன் பிரிட்ஜ் பக்கம், எங்கள் கடற்கரைக்கு வடக்கே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு கொண்டுவந்து கொட்டுவதை வன்னி எங்கள் பக்கம் தள்ளும். தெண்டி அடிக்கும்போது முகத்துவாரத்துக்கு வடக்கே இருக்கும் பட்டினப்பாக்கத்துக்காரர்கள் பாடு. எந்த வாரம் எத்தனை பேர் வேண்டும் என்பதை இப்போது நான் காலண்டரைப் பார்த்து முடிவு செய்வதில்லை, அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறேன்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பொறுக்கியதை வகை பிரித்து எண்ணி எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் எங்களுக்கு வழி காட்டியது அந்த நோட்டுதான். செருப்பு, தெர்மாகோல், ஷாம்பு சாஷே எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, விரல் நகம் அளவு நீல முக்கோணங்கள். ஒரே காலையில் 140 எண்ணினோம். என்னவென்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பால் கவரின் மூலை! கத்தரிக்கோலால் வெட்டி சிங்க்கில் விழவிடும் அந்தத் துண்டு. கவரைக் கழுவிக் காயலான் கடைக்குப் போடும் நாங்கள்தான் மூலையைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். முழுசாக வெட்டாமல், துண்டு கவரிலேயே தொங்கும்படி கீறிவிட்டால் போதும். எங்கள் அடுக்ககத்தில் இருபத்து நான்கு வீடுகளுக்கும் இதைச் செய்து காட்டினேன். இரண்டு வீட்டில் சிரித்தார்கள்.

திருவான்மியூரில் இருக்கும் என் தெருவின் மழைநீர் வடிகால் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுகிறது. கால்வாய் அடையாற்றில் சேர்கிறது. மீதி வழிதான் மேலே சொன்னேனே. அதனால் கடற்கரையில் ஒரு ஞாயிறு என்றால், செப்டம்பர் கடைசிக்குள் தெருவில் இரண்டு ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு, வடிகாலின் வாய்களை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே கம்பி வலை இல்லை, எந்தக் கடைக்காரர் பெருக்கி உள்ளே தள்ளுகிறார், எங்கே மண் அடைத்திருக்கிறது என்று. பிறகு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். எண் கையில் இல்லாத புகாருக்கு மதிப்பில்லை. வடிகாலுக்குள் நீங்கள் இறங்கவே கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. விஷவாயு தாக்கும். இரண்டாவது ஞாயிறு உங்கள் வாசலுக்கு. எங்கள் கேட்டிலிருந்து வடிகாலுக்குப் போகும் ஓட்டையில் ஒரு வெல்டரை வைத்துச் சின்னக் கம்பிச் சட்டம் போட்டோம். மழை நாளில் யாராவது அதிலிருந்து குப்பையை அள்ளவேண்டும், இல்லையென்றால் வாசலில் தண்ணீர் நிற்கும். அந்த 'யாராவது' பெரும்பாலும் நான்தான்.

ஒரு சோதனை சொல்கிறேன். மே மாதம், மழையே இல்லாத நாளில் வடிகால் மூடி இடுக்கு வழியாகக் காது கொடுங்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அது யாரோ வீட்டுக் கழிவுநீர். எங்கள் தெருவில் கேட்டது. தேடிப் போனால், எங்கள் அடுக்ககத்தின் துணி துவைக்கும் மேடைத் தண்ணீரே அதில்தான் போய்க்கொண்டிருந்தது. கட்டியவர் அப்படி விட்டிருக்கிறார். குழாயை மாற்றிப் பாதாளச் சாக்கடையில் சேர்க்க சங்கத்தில் மூன்று கூட்டம் நடந்தது. அந்தச் சண்டைகளை இங்கே எழுதப்போவதில்லை.

சரி, கடற்கரைக்கு வருவோம். பிளாஸ்டிக் குப்பைப் பை வேண்டாம், சிமெண்ட் சாக்கே போதும். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். தடித்த ரப்பர் கையுறை அவசியம். ஊசி, சிரிஞ்சுகளை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள கேனில் தனியாகப் போடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அலை விட்டுப்போன குப்பை வரியை ஒட்டி நடந்தால் சின்னத் துண்டுகள் அகப்படும். கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய மணல் சல்லடை காய்ந்த மணலில் நன்றாக வேலை செய்கிறது. முந்தின நாளே குப்பை வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். கட்டிவைத்த சாக்குகளை நாய்கள் கிழித்து மறுபடி கடலுக்கே போனதை ஒருமுறை பார்த்துவிட்டேன்.

அடம்பங்கொடியைப் பிடுங்காதீர்கள். ஊதாப் பூவோடு மணலில் படரும் அந்தக் கொடிதான் மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துகிறது. 'களை எடுத்துச் சுத்தமாக்கிய' ஆர்வலர்களை நான் பார்த்திருக்கிறேன், நல்ல மனசுதான்.

ஜனவரி முதல் மே வரை சல்லடையும் மண்வாரியும் வீட்டிலேயே இருக்கட்டும். பங்குனி ஆமைகள் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் சுமார் நூறு முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும் காலம் அது. 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவந்து வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். நம் கரையிலோ ஹோட்டல் விளக்கு, மொட்டைமாடி விளக்கு. கடலைப் பார்த்த வீடு என்றால் அந்த மாதங்களில் இரவு விளக்கை அணையுங்கள், அல்லது கீழ்நோக்கி மறைப்பு போடுங்கள். முட்டையிட வரும் ஆமையைப் பார்க்க நேர்ந்தால் டார்ச், பிளாஷ் எதுவும் வேண்டாம், அசையாமல் உட்காருங்கள். எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் மாணவர்கள் 1988 முதல் இந்தக் கரையில் இரவு நடை நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். ஒரு இரவு அவர்களோடு நடந்து பாருங்கள்.

நேற்றுச் சாயங்காலம் குப்பத்துப் பக்கம் போனேன். பெரியவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். "தண்ணி வன்னியா திரும்பிருச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து சாக்கு கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லி எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன்.