ஆங்கிலச் சான்றால் விசா நிராகரிக்கப்பட்டவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரித்தானியாவின் திறன்மிகு தொழிலாளர் விசாவுக்கு விண்ணப்பித்து, ஆங்கிலச் சான்று போதாதென்று நிராகரிக்கப்பட்ட மட்டக்களப்பு, கல்முனைப் பிள்ளைகளின் கோப்புகள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. எங்கள் காலத்தவர் செய்து நட்டப்பட்ட அதே பிழைகளை இவர்களும் செய்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பெயரில் எழுத்துப்பிழை, கடவுச்சீட்டு இலக்கப் பிழை ஆகியவற்றை எல்லோரும் அறிவர், அவற்றை விடுகிறேன்.

மீளாய்வில் புதிய சான்றிதழை இணைப்பது

இலங்கையிலிருந்து விண்ணப்பித்தவருக்குப் பொதுவாகக் கிடைப்பது நிர்வாக மீளாய்வே. நீதிபதி முன் வாதாடும் அப்பீல் அல்ல. முடிவு கிடைத்த 28 நாள்களுக்குள், 80 பவுண் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி தம் முன் இருந்த ஆவணங்களைச் சரியாகக் கையாண்டாரா என்பதையே அங்கே பார்ப்பார்கள். நிராகரிப்புக்குப் பிறகு எழுதிய பரீட்சையின் பெறுபேறு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது இந்த விடயத்தில் உதவாது.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஆங்கில மொழிமூலம் படித்ததாகப் பல்கலைக்கழகம் கொடுத்த கடிதத்தை மட்டும் வைத்து விண்ணப்பித்தார். இலங்கைப் பட்டத்துக்கு அந்தக் கடிதம் போதாது. வெளிநாட்டுப் பட்டங்களைப் பிரித்தானியாவுக்காக மதிப்பிடும் எக்டிஸ் நிறுவனத்தின் உறுதிப்படுத்தலும் வேண்டும். நிராகரிப்பு வந்ததும் இரவு பஸ்ஸில் கொழும்பு சென்று பரீட்சை எழுதி, நல்ல புள்ளிகளும் பெற்றார். அந்தச் சான்றிதழை மீளாய்வோடு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தார். வேலைவழங்குநர் தரும் சி.ஓ.எஸ். எனப்படும் அனுசரணைச் சான்றிதழை, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தில் பயன்படுத்திவிட்டால் மீண்டும் பயன்படுத்த முடியாது, புதிய விண்ணப்பத்துக்குப் புதியது வேண்டும். அதைக் கேட்டுப் பெறாமல் காத்திருப்பிலேயே காலம் கழிந்தது, வேலை வேறொருவருக்குப் போனது. அன்றே புதிய சி.ஓ.எஸ். பெற்றுப் புதிய விண்ணப்பம் போட்டிருந்தால் அதே பரீட்சைச் சான்றிதழ் அவரைக் கரைசேர்த்திருக்கும். "அப்பீல் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று அவரிடம் சொன்னவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆகவே நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் கூறும் பத்தியை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே நீங்கள் அன்று சமர்ப்பித்த ஆவணத்தை எழுதிப் பாருங்கள். எதிரே எழுத ஒன்றுமில்லையென்றால் குறை நம்முடையது, புதிதாக விண்ணப்பியுங்கள். செல்லுபடியான பரீட்சையின் இலக்கத்தைக் கொடுத்திருந்தும், அல்லது தாதியர் ஒருவர் தம் தொழிற்பதிவுக்காகச் சித்தியடைந்த ஆங்கிலப் பரீட்சையைக் காட்டியிருந்தும், அதிகாரி அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மீளாய்வே சரியான வழி.

சாதாரண ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதுவது

வினாத்தாளும் புள்ளியிடலும் ஒன்றாக இருந்தாலும், 'யூ.கே.வி.ஐ.' (பிரித்தானிய விசாப் பிரிவு) என்ற பெயர் கொண்ட ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் எழுதியதையே ஏற்பார்கள். பதிவுசெய்யும் திரையில் இதைப் பாருங்கள்.

மொத்தப் புள்ளியை நம்புவது

2026 ஜனவரி 8 முதல், இவ்விசாவுக்கு முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு பி2 என்னும் ஆங்கிலத் தேர்ச்சி நிலை வேண்டும், அதாவது ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் நான்கு பகுதிகளிலும் தனித்தனியே 5.5. மொத்தம் 6.5 இருந்தும் எழுத்தில் 5 என்றால் தகுதியில்லை.

பழைய பெறுபேறு

விண்ணப்பிக்கும் நாளில் 2 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது.

இரண்டு வழியிலும் கால் வைப்பது

மீளாய்வு நிலுவையில் இருக்கும்போது புதிய விசா விண்ணப்பம் போட்டால், மீளாய்வை நீங்களே மீளப்பெற்றதாகக் கொள்வார்கள். அதிகாரியின் பிழை தெளிவாகத் தெரியும் கோப்பில் இதைச் செய்யாதீர்கள். உங்கள் வேலைவழங்குநர் புதிய சி.ஓ.எஸ். தருவாரா என்று கேட்டறிந்த பின்னரே எந்த வழி என்று முடிவெடுங்கள்.