தோப், கந்தூரா, திஷ்தாஷா: அரபு அங்கியை எந்தப் பெயரில் சொல்வது?

அரபு நாட்டுக்காரர்கள் கணுக்கால் வரை போடும் அந்த வெள்ளை உடையை நாம் 'அங்கி' என்றோ 'ஜிப்பா' என்றோ சொல்லிவிட்டுப் போகிறோம். ஜிப்பா என்ற சொல்லும் 'ஜுப்பா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் அரபியில் அது முன்பக்கம் திறந்த மேலங்கி, இந்த உடை இல்லை. கட்டுரையோ கதையோ எழுதுகிறவர்களும், வளைகுடாவுக்குப் புதிதாகப் போகிறவர்களும் சரியான சொல்லைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன்.

படி 1: எந்த நாடு என்று பாருங்கள்

உடை ஏறக்குறைய ஒன்றுதான். பெயர்தான் எல்லை தாண்டினால் மாறிவிடும். சவூதி, கத்தார், பஹ்ரைன் என்றால் தோப். அமீரகத்தில், அதாவது துபாய், ஷார்ஜா, அபுதாபியில் கந்தூரா (நாகூர் கந்தூரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). குவைத்திலும் ஓமனிலும் திஷ்தாஷா. எகிப்துக்குப் போனால் கலாபியா, அது இன்னும் தொளதொளவென்று இருக்கும். மொராக்கோவில் ஜெல்லாபா, அதற்குப் பின்னால் தலையை மூடும் முக்காடு சேர்த்தே தைத்திருப்பார்கள்.

மஸ்கட்டில் ஒரு தையற்கடையில் போய் "தோப் தைக்க எவ்வளவு?" என்று கேட்டேன். தைக்கிறவர் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே "திஷ்தாஷா" என்று திருத்தினார், அப்புறம்தான் விலை சொன்னார்.

படி 2: 'தோப்' என்பதைச் சொல்லிப் பழகுங்கள்

அரபியில் எழுதும்போது இது 'ஸவ்ப்'. வளைகுடாப் பேச்சில் 'தோப்' போல ஒலிக்கும். முதல் எழுத்து நம் 'த'வும் இல்லை, 'ஸ'வும் இல்லை. நாக்கு நுனியைப் பல் வரிசைகளுக்கு நடுவே வைத்து லேசாகக் காற்றை விட்டால் வரும். தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் 'தோப்' என்றே எழுதுவோம்.

சொல்லின் அடிப்படைப் பொருள் வெறும் 'துணி, ஆடை' என்பதுதான். குர்ஆனின் 74ஆம் அத்தியாயம் 4ஆம் வசனத்தில் வரும் 'ஸியாப்' இதன் பன்மை. அங்கே பொருள் ஆடைகள் என்பதே, வெள்ளை அங்கி இல்லை. அதனால்தான் ஊருக்கு ஊர் இந்தச் சொல் வேறு உடையைக் குறிக்கிறது. சூடானில் தோப் என்றால் பெண்கள் நம் சேலை போல உடம்பைச் சுற்றித் தலையிலும் போட்டுக்கொள்ளும் நீளத் துணி. பாலஸ்தீனத்தில் பெண்கள் போடும் பூத்தையல் அங்கி. அந்தத் தையல் கலை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

படி 3: வேற்றுமை உருபு சேர்க்கும்போது கவனம்

இது தமிழில் மட்டும் வரும் தொல்லை. தோப் + இல் = தோப்பில். "ஷேக் வெள்ளைத் தோப்பில் வந்தார்" என்று எழுதிப் பாருங்கள், மனிதர் மாந்தோப்புக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்! நான் 'உடை'யைச் சேர்த்துக்கொள்வேன்: "வெள்ளைத் தோப் உடையில் வந்தார்." கந்தூராவுக்கும் திஷ்தாஷாவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. கந்தூராவில், திஷ்தாஷாவை என்று தாராளமாக எழுதலாம்.

படி 4: கழுத்தைப் பாருங்கள்

படம் மட்டும்தான் கையில் இருக்கிறது, நாடு தெரியவில்லை என்றால் இது உதவும். கழுத்துப்பட்டி இல்லாமல், நடுவிலிருந்து நீளமான குஞ்சம் தொங்கினால் பெரும்பாலும் அமீரகக் கந்தூரா. அந்தக் குஞ்சத்துக்குப் பெயர் தர்பூஷா. குஞ்சம் குட்டையாகக் கழுத்தோரம் இருந்தால் ஓமன் திஷ்தாஷா. ஓமனியர் அதை ஃபுராகா என்பார்கள், அதில் அத்தர் தடவிக்கொள்வார்கள். பக்கத்தில் நின்று பேசினால் மணம் முதலில் வருவது அங்கிருந்துதான். கழுத்துப்பட்டி சட்டைக்காலர் போல விறைப்பாக நின்றால் சவூதி அல்லது கத்தார் தோப்.

கந்தூராவுக்கு உள்ளே அமீரகத்தார் கட்டும் 'விஸார்' கிட்டத்தட்ட நம்ம ஊர்க் கைலிதான்.

படி 5: மேலே போட்டிருப்பதைத் தனியாகப் பிரியுங்கள்

தோப்புக்கு மேல் மெல்லிய கறுப்பு அல்லது பழுப்பு மேலாடை, ஓரத்தில் தங்க ஜரிகை. அது தோப் இல்லை, பிஷ்த். திருமணம், அரசு விழா மாதிரி நேரங்களில்தான் வெளியே வரும். 2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில், உலகக் கோப்பையைத் தூக்குவதற்கு முன் மெஸ்ஸிக்குக் கத்தார் அமீர் போர்த்தியது பிஷ்த்தான். அதைத் தோப் என்று எழுதினால், சட்டைக்கு மேல் போட்ட பொன்னாடையைச் சட்டை என்று சொன்ன கதைதான்.

வளைகுடாப் பெண்கள் வெளியே போகும்போது உடைக்கு மேல் அணிவது அபாயா. முகத்தை மூடும் துணி அதில் சேராது.

படி 6: திருத்திப் பாருங்கள்

"குவைத்தில் கந்தூரா அணிந்த முதியவர்" என்பதில் கந்தூராவைத் திஷ்தாஷா ஆக்குங்கள்.

"துபாய் அதிகாரி தோப்பைச் சரிசெய்தார்" என்பதில் தோப்பை எடுத்துவிட்டுக் கந்தூராவைப் போடுங்கள்.

"ரியாத் மாப்பிள்ளை தோப்புக்கு மேல் பிஷ்த் போட்டிருந்தார்" என்பதில் சொற்கள் சரி, இலக்கணமும் சரி. ஆனால் அந்தத் தோப்பு மறுபடி மரம் நட ஆரம்பித்துவிட்டது. மேலே படி 5இல் நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன், கண்டுபிடித்தீர்களா?