இண்டிகேட்டர் படபடவென்று அடித்தால்

காரில் ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாக அடித்தால் ரிலேவை (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர்) மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு போய் அந்தக் கரண்ட் குறைந்ததும் பிளாஷர் வேகம் கூட்டி எச்சரிக்கிறது.

ஹசார்டைப் (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக அடிக்கும் சுவிட்ச்) போட்டு வண்டியைச் சுற்றி வந்து, எரியாததைக் கண்டுபிடியுங்கள். பல்பு நன்றாக இருந்தால் ஹோல்டரில் பச்சைத் துரு பூத்திருக்கிறதா பாருங்கள். எரியும் நேரத்தில் ஹோல்டர் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்குங்கள்.

ஹசார்டு எரிந்து, இண்டிகேட்டர் இரு பக்கமும் எரியாவிட்டால் இக்னிஷன் வழி (சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்) பியூஸைப் பாருங்கள். ஹசார்டுக்குப் பேட்டரியிலிருந்து நேரடி லைன். அதனால்தான் சாவி இல்லாமலும் எரிகிறது.

எல்இடி பல்பு மாற்றியபின் படபடத்தால், அது குறைவான கரண்ட் இழுப்பதுதான் காரணம்; எல்இடிக்கான பிளாஷர் போடுங்கள். கரண்ட் இழுப்பைக் கூட்ட 6 ஓம் ரெசிஸ்டரும் போடலாம்தான். ஆனால் கை சுடும், பிளாஸ்டிக்கில் ஒட்டவே கூடாது.