கீழாநெல்லிச் சாரம் ஈரல் செல்லைக் காக்கிறதா? சோதிக்கும் முறை

செடியில் தவறினால் பின்னால் எதுவும் சரியாகாது. கீழாநெல்லி என்று சந்தையில் வாங்கும் கட்டில் வேறு பில்லாந்தஸ் இனங்களும் கலந்திருக்கும். நமக்கு வேண்டிய கீழாநெல்லியான பில்லாந்தஸ் அமாரஸின் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்கும். காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல ஒட்டியிருந்தால் அது பில்லாந்தஸ் யூரினேரியா என்ற வேறு இனம். காயோடு பிடுங்கிய ஒரு செடியைத் தாவரவியலாளரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மண் போகக் கழுவி நிழலில் காயவையுங்கள். இலை கசக்கினால் நொறுங்க வேண்டும். துவண்டால் ஈரம் இருக்கிறது, பொடியில் பூஞ்சை வரும். 100 கிராம் பொடிக்கு 70 சதவீத எத்தனால் 1 லிட்டர். மூடிய பாட்டிலில் 48 மணி நேரம் ஊறட்டும், அவ்வப்போது குலுக்குங்கள். செடியில் உள்ள பில்லாந்தின் என்ற பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, துவர்ப்புப் பொருள்களான டானின்களுக்குத் தண்ணீர் வேண்டும்; அதனால்தான் இந்தக் கலவை. வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரியில் எத்தனாலை முழுக்க எடுங்கள். மீதித் தண்ணீரை லயோபிலைசரில் (உறையவைத்து உலர்த்தும் கருவி) போக்கி, எடை குறித்து, பழுப்புப் புட்டியில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

சாரத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பார்க்கும் டி.பி.பி.எச். சோதனை எளிது: 100 மி.லி. மெத்தனாலில் டி.பி.பி.எச். என்ற ஊதாப் பொருள் 4 மி.கி., சாரம் சேர்த்து இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீட்டரில் அளவு. ஊதா மஞ்சளாகும். சாரத்தின் சொந்த நிறத்தைத் தனியாக அளந்து கழித்துவிடுங்கள். ஆனால் இது வெறும் வேதியியல். ஈரலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அதற்கு ஹெப் ஜி2 செல்கள்; மனித ஈரல் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்ப்பவை. 96 குழித் தட்டில் குழிக்கு 10,000 செல், ஒரு நாள் ஒட்டவிடுங்கள். சாரத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, மில்லிலிட்டருக்கு 6.25 முதல் 100 மைக்ரோகிராம் வரை இரட்டிப்பாக ஏற்றுங்கள். டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் குழியிலும் ஒரே அளவாக, 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். சாரம் மட்டும் போட்ட குழிகளும் தேவை. அதுவே செல்லைக் கொல்லும் அளவு எது என்று அப்போதுதான் தெரியும். ஒப்பீட்டுக்கு, ஈரலைக் காப்பதாக அறியப்பட்ட தாவரப் பொருளான சிலிமாரின் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து, செல்லைத் தாக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. பாதிச் செல் சாகும் அளவை முன்பே உங்கள் செல்லிலேயே கண்டுபிடித்து வையுங்கள். நீர்த்த பெராக்சைடு நிற்க நிற்க வலு இழக்கும், அன்றன்று தயாரியுங்கள்.

பெரும்பாலான பொய் முடிவுகள் பிறப்பது இந்த இடத்தில்தான். சாரத்தை அகற்றாமல் பெராக்சைடை ஊற்றினால், இரண்டும் ஊடகத்திலேயே (செல் வளரும் திரவம்) மோதித் தீர்ந்துவிடும். செல்லுக்கு அடியே விழாது, நாமோ சாரம் காத்தது என்று எழுதுவோம். பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசல் கொண்டு இரண்டு முறை கழுவி, புது ஊடகத்தில் பெராக்சைடு கொடுங்கள். அதன் பிறகும் செல் பிழைத்தால்தான் அது செல்லுக்குள் நடந்த பாதுகாப்பு.

பிழைத்த செல்லை அளக்கும் எம்.டி.டி.யிலும் இதே கண்ணி. உயிருள்ள செல் இந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், அந்த நிறத்தைத்தான் அளக்கிறோம். ஆனால் சாரத்தில் உள்ள பாலிபீனால்கள் (டானின் போன்றவை) செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை ஊதாவாக்கும். சாரமும் எம்.டி.டி.யும் மட்டும் கொண்ட, செல் இல்லாத மூன்று குழிகளை வையுங்கள். அவை 570 நானோமீட்டரில் ஏறினால், எம்.டி.டி.யைச் சேர்க்கும் முன் இன்னொரு முறை கழுவுங்கள். செல் சிதைந்து ஊடகத்தில் கசிந்த எல்.டி.எச். நொதியையும் அளந்து ஒப்பிடுங்கள்.

பாரசிட்டமால் பாதிப்பைச் சோதிக்க ஹெப் ஜி2 பொருந்தாது. மருந்தை நச்சாக மாற்றும் சைட்டோகுரோம் நொதிகள் அதில் மிகக் குறைவு. எலியிலிருந்து புதிதாகப் பிரித்த ஈரல் செல்களுக்குப் போக வேண்டும். தட்டில் 50 மைக்ரோகிராம் வேலை செய்தது என்பதை வைத்து மனிதருக்கான அளவைக் கணக்கிடவும் முடியாது: குடல் எவ்வளவு உறிஞ்சும், ஈரல் எவ்வளவு சிதைக்கும் என்பது தட்டில் இல்லை.