காவிரிக் கடைமடையில் கடலோரக் கார் பயணம்: திட்டமிடும்போதே நடக்கும் தவறுகள்

சிதம்பரத்தில் தொடங்கி பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை என்று இறங்கி, முத்துப்பேட்டை வழியாக மனோராவில் முடிகிற பயணம் தமிழ்நாட்டில் போகக்கூடிய அருமையான பயணங்களில் ஒன்று. ஆனால் சென்னை – மாமல்லபுரம் சாலையை மனதில் வைத்துக்கொண்டு இதற்குத் திட்டம் போடுகிறவர்கள் அதிகம். அங்கே கண்ணாடியை இறக்கினால் பல இடங்களில் கடல் தெரியும். டெல்டாவில் சாலையின் இருபுறமும் வயல்தான் தெரியும். கடல் ஒவ்வோர் ஊரிலும் கிழக்கே பிரிகிற கிளைச்சாலையின் கடைசியில் இருக்கிறது. இது தெரியாமல் போடும் திட்டம் முதல் நாள் மதியத்திலேயே குலைந்துவிடும்.

இதற்குக் காரணம் ஆறுகள். கல்லணைக்குக் கீழே காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலை நோக்கிப் போகிறது. கொள்ளிடம், அரசலாறு, திருமலைராஜனாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகத்துவாரம், அதைச் சுற்றிச் சேறும் உப்பங்கழியும். பாலங்கள் மேற்கே தள்ளித்தான் இருக்கும். பிச்சாவரமும் பழையாறு மீன்பிடித் துறைமுகமும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் கொள்ளிடம். காரில் போகிறவர் சிதம்பரத்துக்குத் திரும்பி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, சீர்காழிப் பக்கம் வந்து மறுபடி கிழக்கே போகவேண்டும். கோடியக்கரையிலிருந்து முத்துப்பேட்டைக்கும் இதே கதை. இடையில் இருப்பது பெரும் சதுப்பு நிலம், அதனால் வேதாரண்யத்துக்குத் திரும்பி வந்துதான் போகமுடியும்.

ஆகவே கிலோமீட்டரைக் கூட்டி நாளைக் கணக்கிடாதீர்கள். மொத்தம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தானே, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஒவ்வொரு கிளைச்சாலையிலும் போய்வர நேரம், வாகனம் நிறுத்த நேரம், ஊருக்குள் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு நான்கு இடங்களுக்கு மேல் பார்க்கமுடியாது. குறைந்தது இரண்டு இரவு, மூன்று பகல் வையுங்கள். முதல் இரவு தரங்கம்பாடி அல்லது காரைக்கால், இரண்டாவது இரவு வேளாங்கண்ணி அல்லது வேதாரண்யம் என்று வைத்தால் அலைச்சல் குறையும்.

எந்த மாதம் போவது?

பெரும்பாலானோர் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஏப்ரல், மே மாதங்களில் கிளம்புகிறார்கள். டெல்டா கடற்கரைக்கு இதைவிடப் பொருந்தாத காலம் இல்லை. நெல் அறுத்து, அதன்பின் விதைத்த உளுந்தும் பயறும் எடுத்து முடிந்து, வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும். கோடியக்கரைக்கு வந்த பூநாரைகள் போயிருக்கும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டும்தான் சந்தைக்கு வரும். மீன் சாப்பிடவே போகிறவர்கள் அந்த இரண்டு மாதம் போனால், விலையும் கூடுதல், தட்டில் வருவது பெரும்பாலும் ஐஸில் இருந்த மீன்.

ஆடி மாதம் போனால் பூம்புகாரில் காவிரி கரைபுரண்டு கடலில் கலப்பதைப் பார்க்கலாம் என்று நம்பிப் போகிறவர்களும் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். வெள்ளமே வந்தாலும் பெரும்பகுதியைக் கொள்ளிடத்தில்தான் திருப்பிவிடுகிறார்கள். வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வரும் காவிரி, பூம்புகாரில் ஒடுங்கித்தான் கடலைத் தொடுகிறது. அத்தனை ஊர்களையும் நனைத்துவிட்டு வந்த ஆறு என்று அறிந்து பார்த்தால் அந்த ஒடுங்கிய கலப்பே மனதை நெகிழ வைக்கும். பெருவெள்ளத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அக்டோபர், நவம்பரில் பச்சை நன்றாக இருக்கும், ஆனால் வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. புயல் எச்சரிக்கை இருக்கும்போது முன்பணம் கட்டிவிட்டோமே என்று கிளம்பாதீர்கள். என் கணக்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரைதான் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், சம்பா கதிர் பிடித்து நிற்கும், பறவைகள் இருக்கும், படகுகள் கடலுக்குப் போகும்.

அந்தக் காலத்திலும் ஒரு எச்சரிக்கை தேவை. பொங்கலை ஒட்டி அறுவடை நடக்கும்போது கிராமத்துச் சாலையில் பாதியளவுக்கு நெல் காயும். அதன்மேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து உழைப்பு அது. நெல்லைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், சில கற்கள் பிறகும் சாலையிலேயே கிடக்கும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் விளக்கில்லாமல் எதிரே வரும். உட்சாலைகளில் இரவு ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

கடிகாரம்

டெல்டாவில் கோயில்கள் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். இதை மறந்தால் திருவெண்காட்டுக்கு ஒரு மணிக்குப் போய் மூடிய கதவின் முன் நிற்கவேண்டிவரும். கோயில் காலையில், தரங்கம்பாடிக் கோட்டையும் பூம்புகார் கலைக்கூடமும் மதியம், கடற்கரை மாலையில் அல்லது விடியலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிச்சாவரத்துப் படகுக்கு வெயில் ஏறுமுன் போய்விடவேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் கூட்டம், வெயில் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

'கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம்' என்று தரங்கம்பாடிக்கு மாலையில் ஓடிவருகிறவர்கள் திசையை மறந்துவிடுகிறார்கள். இது கிழக்குக் கரை. தரங்கம்பாடியின் சிறப்பு விடியலில் இருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியோடு டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, பாதியைக் கடல் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். காலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால் ஊர் உங்களுக்கே சொந்தம்போல இருக்கும். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல் சனிக்கிழமை காரைக்கால் வழியாகப் போகிற திட்டத்தை மாற்றுங்கள். திருநள்ளாறு கூட்டத்தில் சாலையே நகராது. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம். அதற்கு முன்பிருந்தே பாதயாத்திரை போகிறவர்கள் இரவும் பகலும் சாலையோரம் நடப்பார்கள், அவர்களுக்காகவாவது வேகத்தைக் குறைக்கவேண்டும்.

சாப்பாடு

புறவழிச்சாலையில் விளக்கு போட்ட பெரிய ஓட்டலில் நிறுத்தினால், எந்த ஊரிலும் கிடைக்கிற பரோட்டாவும் ஃபிரைட் ரைஸும்தான் கிடைக்கும். ஊருக்குள் போனால்தான் ஊர்ச் சாப்பாடு. சிதம்பரத்தில் காலையில் இட்லிக்குக் கொத்சு கேளுங்கள். கத்திரிக்காயை மசித்துப் புளிவிட்டுச் செய்வது, சட்னி சாம்பாரைத் தொடவே தோன்றாது.

மீன் சாப்பாட்டுக்கு மதியம் ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடவேண்டும். சின்ன மெஸ்களில் அன்று வாங்கியது அன்றே தீர்ந்துவிடும், இரண்டரைக்குப் போனால் குழம்பு மட்டும்தான் மிஞ்சும். போனதும் வஞ்சிரம் வறுவல் என்று கேட்பது இன்னொரு தவறு. "இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்று கேளுங்கள். காலாவோ, திருக்கையோ, நண்டோ, சுறாப்புட்டோ அவர்கள் சொல்வதை வாங்குங்கள், விலையும் குறைவாக இருக்கும், ருசியும் கூடுதலாக இருக்கும். வஞ்சிரம் சென்னையிலும் கிடைக்கும்.

நாகூரிலும் காரைக்காலிலும் மாலை நேரத்தை ஒதுக்குங்கள். அரிசி மாவில் வெங்காயமும் இறாலும் வைத்துப் பொரித்தெடுக்கும் வாடா அப்போதுதான் சூடாகக் கிடைக்கும். மதியமே நாகூரைக் கடந்துவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ரம்ஜான் மாதம் என்றால் பகலில் பல கடைகள் மூடியிருக்கும், அந்தி சாய்ந்ததும் தெரு முழுக்கச் சாப்பாடுதான். அதிராம்பட்டினத்தின் சஹன் சாப்பாடு, ஒரே பெரிய தட்டைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து உண்ணும் விருந்து. அது கல்யாண வீட்டுக்கு உரியது, ஓட்டலில் தேடாதீர்கள். அந்த ஊர் நண்பர் யாராவது அழைத்தால் பயணத் தேதியையே மாற்றிக்கொண்டு போகலாம், அவ்வளவு தகும்.

கருவாடு வாங்குவதாக இருந்தால் கடைசி நாளில் வாங்குங்கள்.

காரைக்காலில் ஒரு விஷயம்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. பெட்ரோல், டீசல் அங்கே போட்டுக்கொள்ளலாம். அங்கே வாங்கிய மது பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், எல்லையில் சோதனை நடக்கும். நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒருவர் பையில் இருப்பது எல்லோருடைய பயணத்தையும் காவல் நிலையத்தில் நிறுத்திவிடும்.

கடலும் கரையில் இருப்பவர்களும்

அலை சும்மாத்தானே இருக்கிறது என்று பூம்புகார், வேளாங்கண்ணி கரைகளில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அடி நீரோட்டம் இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் தப்புவதில்லை. கால் நனைத்தால் போதும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். இறங்கலாமா என்று மீனவர்களிடம் கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இன்று உங்களுக்கு மீன் விற்கும் அக்கா அதில் பிள்ளையைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். "உங்க வீட்ல எத்தனை பேர்?" என்று விசாரிப்பதும், குப்பத்துக்குள் அனுமதியில்லாமல் படம் எடுப்பதும் கூடாது. டிசம்பர் 26 அங்கே துக்க நாள். மீனவர்கள் அன்று கடலுக்குப் போவதில்லை. நினைவிடத்துக்குப் போவதானால் மெழுகுவத்தியோடு அமைதியாகப் போய்விட்டு வாருங்கள்.

தெற்குப் பாதியை விட்டுவிடுவது

வேளாங்கண்ணியோடு திரும்பிவிடுகிற திட்டங்கள்தான் அதிகம். எனக்கு இதுதான் பெரிய வருத்தம், ஏனென்றால் அதற்குத் தெற்கே கடற்கரை முற்றிலும் வேறாகிவிடுகிறது. வேதாரண்யத்துக்கு அருகே உப்பளங்கள். அகஸ்தியம்பள்ளியில்தான் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்தவர்கள் உப்பு எடுத்தார்கள். நினைவுத்தூண் இருக்கிறது, கோடியக்கரைக்குப் போகிற அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான் கூட்டத்தைப் பார்க்க விடியலோ மாலையோதான் நேரம். நடுப்பகலில் காட்டைச் சுற்றிவந்து ஒன்றுமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் பிச்சாவரம்போல நேரே போய்ச் சீட்டு வாங்கி ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வனத்துறையிடம் முன்னதாகக் கேட்டு, படகு ஏற்பாடு செய்துகொண்டு போகவேண்டும். கோரையாற்றில் போய்ப் பெரிய காயலில் நுழைந்து திரும்ப அரை நாள் வேண்டும். குடிநீரும் சாப்பாடும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மல்லிப்பட்டினத்தை ஒட்டி மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோண வடிவ அடுக்கு மாடம் அது. அங்கே கடலில் அலையே இருக்காது, பாக் விரிகுடா ஏரி மாதிரி கிடக்கும். கடற்பசுக்களுக்காக 2022-இல் அறிவித்த காப்பகம் இந்தக் கடல்தான், பிளாஸ்டிக் எதையும் கரையில் விட்டுவராதீர்கள். நான்கு மணிக்குப் போனால் நிதானமாகப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பட்டுக்கோட்டை வந்து தஞ்சாவூர்ச் சாலையைப் பிடித்துவிடலாம்.