அளவுநாடாவில் தொடங்குங்கள்: வீட்டுக்கும் பயணத்துக்கும் தொலைக்காட்சி, ஸ்பீக்கர், ஹெட்போன் தேர்ந்தெடுக்கும் முறை

புதிய தொலைக்காட்சியோ ஸ்பீக்கரோ வாங்க நினைப்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது அளவுநாடா. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் பொய்யல்ல. ஆனால் உங்கள் அறையில், உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் அந்தக் கருவி என்ன தரும் என்ற கேள்விக்கு அவற்றில் பல எண்களிடம் விடை இருக்காது. ஆகவே இந்த விளக்கம் அறையில் தொடங்கி, திரை, ஒலி, பயணக் கருவிகள், மின்சாரம் என்ற வரிசையில் செல்கிறது. முன்னனுபவம் எதுவும் இல்லாதவரும் இதே வரிசையில் செய்து பார்க்கலாம்.

முதல் படி: அறையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து திரை வரப்போகும் சுவர் வரையிலான தூரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். உட்கார்ந்த நிலையில் உங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, எல்லோரும் திரைக்கு நேரே அமர்வார்களா அல்லது சிலர் பக்கவாட்டிலிருந்து பார்ப்பார்களா என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் செய்தி பார்ப்பதா, இரவில் விளக்கை அணைத்துத் திரைப்படம் பார்ப்பதா, விளையாட்டா, குழந்தைகளுக்கான வீடியோ கேமா என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். பின்வரும் முடிவுகள் பெரும்பாலும் இந்த ஒரு தாளைப் பொறுத்தே அமையும்.

இரண்டாம் படி: திரையின் அளவைக் கணக்கிடுங்கள்

உட்காரும் தூரத்தை 1.6 ஆல் வகுத்தால் வசதியான திரையின் மூலைவிட்டம் சென்டிமீட்டரில் கிடைக்கும். அதை 2.54 ஆல் வகுத்தால் அங்குலமாகிவிடும். 250 செ.மீ. தூரத்தில் அமர்பவருக்கு 156 செ.மீ., அதாவது ஏறத்தாழ 61 அங்குலம் வருகிறது. 55, 65 ஆகிய இரண்டில் எதை எடுத்தாலும் அவருக்குப் பொருந்தும். இந்தக் கணக்கில் திரை உங்கள் பார்வையில் சுமார் 30 பாகை அகலத்தை நிரப்புகிறது. திரையரங்கில் நடு வரிசைக்கு முன்னால் அமர்வதை விரும்புகிறவர் 1.6க்குப் பதிலாக 1.2 ஆல் வகுத்துக்கொள்ளலாம். அப்போது அது 40 பாகைக்கு நெருங்கிவிடும்.

அடுத்து வருவது 4கே வேண்டுமா, 8கே வேண்டுமா, அதாவது திரையில் எவ்வளவு நெருக்கமான புள்ளிகள் வேண்டும் என்ற கேள்வி. இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காணும். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ.; அதை முழு எச்.டி.யின் 1920 புள்ளிகளாகப் பிரித்தால், சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை. 4கேயின் 3840 புள்ளிகளுக்கு அந்த எல்லை 1.1 மீட்டர். 8கேயின் நுணுக்கத்தை முழுமையாகக் காண வேண்டுமென்றால் அதே திரைக்கு அரை மீட்டர் அருகில் போய் அமர வேண்டும். எனவே வரவேற்பறைக்கு 8கே என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. அந்தப் பணத்தை அடுத்த இரண்டு படிகளில் சொல்லப்போகும் தரங்களில் செலவிடுவதே நல்லது.

திரையின் நடுப்பகுதி உங்கள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். அழகுக்காகச் சுவரின் மேற்பகுதியில் மாட்டினால், இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் கழுத்து வலிக்கும்.

மூன்றாம் படி: திரையின் வகையை அறையின் வெளிச்சத்தோடு பொருத்துங்கள்

ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடுகிறது. கறுப்பு நிறம் வரும் இடத்தில் அந்தப் புள்ளி முழுதாக அணைந்துவிடுகிறது. இருட்டறையில் படம் பார்ப்பவருக்கும், பக்கவாட்டில் அமர்ந்து பார்க்கும் குடும்பத்துக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் நாள் முழுவதும் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில், நகராத சின்னமும் கீழ்ப்பட்டையும் காலப்போக்கில் திரையில் நிலையான தடமாகப் பதிந்துவிடக்கூடும். எல்.சி.டி. திரைக்குப் பின்னால் தனி விளக்குகள் இருக்கின்றன. கியூ.எல்.இ.டி. என்ற பெயர் ஓ.எல்.இ.டி.யைப் போல ஒலித்தாலும் அதுவும் எல்.சி.டி.யே, நிறங்களைத் தூய்மையாக்கும் ஒரு படலம் அதில் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். மினி எல்.இ.டி. என்பது பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்துத் தேவையான இடத்தில் மட்டும் மங்கச் செய்யும் முறை. சன்னல் வெளிச்சம் நிறைந்த அறைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகையையே.

எச்.டி.ஆர். (மிகப் பிரகாசமான பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒரே காட்சியில் விவரத்தோடு காட்டும் முறை) என்ற சொல்லில் கவனமாக இருங்கள். அந்தச் சமிக்ஞையைப் பெற்றுக்கொள்வது வேறு, அதற்குரிய பிரகாசத்தைக் காட்டுவது வேறு. விலை குறைந்த பல மாடல்கள் முதலாவதை மட்டுமே செய்கின்றன. ஆகவே உச்சப் பிரகாசம் எத்தனை நிட்ஸ் (திரைப் பிரகாசத்தின் அலகு) என்பதை, கருவி வைத்து அளந்து எழுதும் விமர்சனங்களில் தேடிப் பாருங்கள்.

திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதை ஹெர்ட்ஸில் குறிக்கும் புதுப்பிப்பு வேகத்திலும் இதே வகையான வேறுபாடு உண்டு. திரைப்படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 24 சட்டகங்களில் (நிலைப் படங்களில்) எடுக்கப்படுகின்றன. 120ஐ 24 மீதியின்றி வகுக்கும், 60ஐ வகுக்காது. அதனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் மெல்லிய தடுமாற்றம் தோன்றலாம். விளையாட்டும் வீடியோ கேமும் உங்கள் தாளில் இருந்தால் உண்மையான 120 ஹெர்ட்ஸ் திரையைக் கேளுங்கள். இயக்கத்தைக் குறிக்கும் வணிகப் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கும் பெரிய எண்கள் திரையின் உண்மையான வேகத்தைக் குறிப்பவை அல்ல.

கடையில் எல்லாத் திரைகளும் மிகுந்த பிரகாசத்தோடும் நீலம் கலந்த வெண்மையோடும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் பயன்முறைக்கு மாற்றச் சொல்லி, உங்களுக்குப் பழக்கமான ஒரு காட்சியை ஓடவிட்டு, மனித முகத்தின் நிறம், இருட்டில் தெரியும் விவரம், பச்சை மைதானத்தின் சீர்மை ஆகிய மூன்றையும் பாருங்கள். உள்ளே இருக்கும் செயலிகளின் வேகத்தை மட்டும் வைத்துத் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மென்பொருள் பழையதாகிவிட்டால் ஒரு சிறிய ஸ்ட்ரீமிங் கருவியைச் செருகிச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் திரையை மாற்ற முடியாது.

நான்காம் படி: ஒலிக்கு உரிய பங்கை ஒதுக்குங்கள்

இந்தப் படியைத்தான் மிகப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தொலைக்காட்சிகள் மெலிந்துகொண்டே போவதால், உள்ளிருக்கும் சிறிய ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கின்றன. வசனம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதை அடைவதற்குள் அதன் கூர்மை போய்விடுகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வசனம் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். சண்டைக் காட்சி வந்ததும் வீடே அதிரும். நடுவில் பேச்சுக்கென்று தனி ஸ்பீக்கர் கொண்ட ஒரு சவுண்ட்பார் (திரைக்குக் கீழே வைக்கும் நீண்ட ஸ்பீக்கர்) வந்த பிறகு, முன்பைவிடக் குறைந்த ஒலியிலேயே அவர் எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்கிறார். அன்றிலிருந்து என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: பணம் போதவில்லையென்றால் திரையை ஓர் அளவு குறைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒலிக்குக் கொடுங்கள்.

சவுண்ட்பாரில் 3.1.2 என்பது போன்ற எண்களைக் காண்பீர்கள். முதல் எண் காதுமட்டத்தில் ஒலிக்கும் தடங்களையும், இரண்டாவது சப்வூஃபரையும் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்), மூன்றாவது மேல்நோக்கி ஒலிப்பவற்றையும் குறிக்கும். முதல் எண் 3 அல்லது 5 என்றால் நடுவில் பேச்சுக்கான தடம் இருக்கிறது என்று பொருள். 2 என்றால் இல்லை. வசனம்தான் உங்கள் குறை என்றால், இந்த ஓர் எண்ணே முக்கால்வாசி முடிவைச் சொல்லிவிடும்.

வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச சக்தி) என்று எழுதியிருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) எண்ணைக் கேளுங்கள். அதிலும் 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் (ஒலியளவின் அலகு) மட்டுமே. காதுக்கு இருமடங்கு ஒலி என்று தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும்.

இணைப்புக்கு, படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கடத்தும் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். 2009இல் வந்த இந்த வசதி, தொலைக்காட்சியின் ஒலியை ஒரே கம்பி வழியாகச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்புகிறது. ஒரே ரிமோட்டில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. 2017இல் அறிவிக்கப்பட்ட இ.ஏ.ஆர்.சி. சுருக்கப்படாத பல தட ஒலியையும் கடத்தும். இணையத்தில் ஓடும் படங்களை மட்டும் பார்ப்பவருக்கு முதலாவது போதும். ப்ளூரே வட்டுகள் வைத்திருப்பவர் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலியளவு இரண்டிலும் சமமாக இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எதுவானாலும் நம் காதுக்கு அது தரமானதாகத் தோன்றும். விற்பனையாளர் அறியாமல் செய்தாலும் இந்தப் பிழை நேரும். வாங்கிய பிறகு சப்வூஃபரை மூலையிலிருந்து சற்று நகர்த்திப் பாருங்கள், ஏனென்றால் மூலை கீழ்ஸ்தாயியை ஊதிப் பெருக்கும். வெறும் சுவரும் கல் தரையுமாக இருக்கும் அறையில் ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் செய்யும் முன்னேற்றத்தை, அடுத்த விலைநிலை ஸ்பீக்கர்கூடப் பலநேரம் செய்வதில்லை.

புரொஜக்டர் வாங்க நினைப்பவருக்கு இரண்டு சொற்கள் மட்டும்: பிரகாசத்தை அன்சி அல்லது ஐ.எஸ்.ஓ. லூமனில் (தரப்படுத்திய முறையில் அளந்த ஒளி அலகு) கேளுங்கள், ‘4கே ஏற்கும்’ என்பதைப் புறக்கணித்து, உள்ளிருக்கும் இயல்பான தெளிவு (புள்ளிகளின் எண்ணிக்கை) எவ்வளவு என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: பயணத்துக்கான ஹெட்போன்

விமானத்திலும் ரயிலிலும் நெடுநேரம் செல்பவருக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன் பெரும் துணை. போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது எஞ்சின் இரைச்சலில் இசை கேட்க முடியாமல் இதற்கான கணக்கைத் தொடங்கினார். 1989இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. வெளி ஒலியை மைக்ரோஃபோன் கேட்டு, அதற்கு நேர்மாறான அலையை உள்ளே எழுப்பி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வதே இதன் வழி. சீராக ஒலிக்கும் தாழ்ந்த இரைச்சலில் இது நன்றாக வேலை செய்யும். பக்கத்து இருக்கைப் பேச்சையும் குழந்தையின் அழுகையையும் முழுதாக நீக்காது. அவற்றைத் தடுப்பது காதில் பொருந்தும் ரப்பர் முனையோ காதைச் சூழும் பஞ்சோதான். எனவே இயர்பட்ஸோடு வரும் எல்லா அளவு முனைகளையும் மாற்றிப் போட்டுப் பார்த்து, தலையை அசைத்தாலும் கீழ்ஸ்தாயி குறையாத அளவைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி அணிபவர், கண்ணாடியோடு அரை மணி நேரமாவது பெரிய ஹெட்போனை அணிந்து பார்க்க வேண்டும்.

ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளான ப்ளூடூத் கோடெக் பெயர்களில், அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் இரண்டுமே ஆதரிப்பது மட்டுமே பயன்படும். எல்டாக் என்ற கோடெக் கொண்ட ஹெட்போனை ஐபோனோடு இணைத்தால் ஏ.ஏ.சி. என்ற வேறு கோடெக்கில்தான் ஓடும். விமான இருக்கைத் திரைக்கு 3.5 மி.மீ. கம்பி பல இடங்களில் இன்னும் தேவைப்படுகிறது. அந்தத் துளை இல்லாத ஹெட்போன் என்றால் ஒரு சிறிய ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரைச் சேர்த்து வாங்குங்கள்.

இரைச்சல் நீக்கத்தின் மிகப் பெரிய நன்மையாக நான் கருதுவது காதின் பாதுகாப்பு. பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 86 டெசிபலில் பத்து மணி நேரமே மிஞ்சும். சுற்றுப்புற இரைச்சல் அடங்கினால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையே எழாது.

கையடக்க ஸ்பீக்கருக்கு, தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐ.பி. எண்ணைப் பாருங்கள்: ஐ.பி.எக்ஸ்.4 தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.67 தூசியையும் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேர மூழ்கலையும் தாங்கும். இந்தச் சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை. கடலில் நனைந்தால் உடனே நல்ல நீரில் கழுவி உலர்த்துங்கள்.

ஆறாம் படி: மின்சாரமும் பேட்டரியும்

சார்ஜரின் மீது ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் எந்த நாட்டிலும் பயன்படும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் ஒன்று போதும். அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றுவதில்லை என்பதை மறக்க வேண்டாம். பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி (பேட்டரியின் ஆற்றல் அளவு), அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. கணக்கு எளிது: 20,000 மில்லி ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 74 வாட்-மணி.

ஏழாம் படி: திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் சோதியுங்கள்

வீட்டுக்கு வந்த முதல் நாளே தொலைக்காட்சியில் முழு வெள்ளை, முழுச் சாம்பல், முழுக் கறுப்புப் படங்களை ஓடவிட்டு இறந்த புள்ளியோ அழுக்குப் போன்ற நிழலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளையிலும் ஒருமுறை ஏதேனும் செருகுங்கள். சவுண்ட்பாரில் இடது, வலது, நடு ஒலி மூன்றும் தனித்தனியே வருகின்றனவா என்று கேளுங்கள். ஹெட்போனைப் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு அதன் அருகில் ஒரு மணி நேரம் அணிந்திருங்கள்; காது வலித்தால் அன்றே தெரிந்துவிடும். அதுவரை அட்டைப்பெட்டியையும், உள்ளிருக்கும் தெர்மகோலையும், பில்லையும் தூக்கி எறிய வேண்டாம்.