தைராய்டு ஊசி: பக்கவிளைவுகளை வரவழைக்கும் தவறுகள்

தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்குவதற்குப் பதிலாக, எப்போதாவது ஓர் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாதா என்று தைராய்டு குறைவு உள்ளவர்கள் கேட்பதுண்டு. அந்த மாத்திரையில் உள்ள தைராய்டு ஹார்மோனான லெவோதைராக்ஸின் ஊசி மருந்தாகவும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது வீட்டில் போட்டுக்கொள்ளும் மருந்து அன்று. நெடுநாள் கவனிக்கப்படாத தைராய்டு குறைவு முற்றி, உடல் சில்லிட்டு, மூச்சும் நாடியும் தளர்ந்து, நினைவு தடுமாறும் மிக்சிடீமா கோமா என்னும் நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இசிஜி திரையைக் கண்காணித்தபடியே சிரை வழியாகச் செலுத்தப்படுவது அது. முதல் தவறு, இந்த வேறுபாட்டை மறப்பதுதான். உடல் எடையைக் குறைக்க இந்த ஹார்மோனை எந்த வடிவத்திலும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தைராய்டு சரியாக வேலை செய்பவருக்கு எடை குறையும் அளவுக்குக் கொடுத்தால், அந்த அளவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அதிகம் அஞ்ச வேண்டியது இதயத்தைப் பற்றித்தான். மாதக்கணக்கில் மெதுவாகத் துடித்துப் பழகிய இதயத்துக்கு ஹார்மோன் திடீரென்று கிடைக்கும்போது அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. இரத்தக்குழாய்களில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் அந்தத் தேவையை ஈடுகட்ட முடியாமல் நெஞ்சுவலி, துடிப்புச் சீர்கேடு, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவை நேரலாம். அமெரிக்க மருந்துக் குறிப்பு முதல் அளவாக 300 முதல் 500 மைக்ரோகிராம் வரையும், பிறகு நாளொன்றுக்கு 50 முதல் 100 வரையும் கூறுகிறது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதலோ 200 முதல் 400 என்று இறங்கி, முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அதிலும் குறைவாகத் தொடங்கச் சொல்கிறது. எழுபது வயது மூதாட்டிக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் ஒரே அளவைக் கொடுப்பது பெரும் பிழை.

அதற்கு இணையான பிழை, பொறுமை இழப்பது. மறுநாளும் நோயாளி கண் திறக்கவில்லையே என்ற பதற்றத்தில் இன்னொரு பெரிய அளவைச் செலுத்தத் தோன்றும். இந்த ஹார்மோன் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதை அப்போது நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. இன்று கூடுதலாகப் போட்டதன் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு ஆகியவை சில நாள் கழித்துத் தலைகாட்டி, மருந்தை நிறுத்திய பின்னும் நீடிக்கலாம்.

வரிசை தவறுவதும் உயிரைப் பறிக்கக்கூடும். சிலருக்குத் தைராய்டு குறைவோடு அட்ரினல் சுரப்பியின் குறைபாடும் மறைந்திருக்கும். தைராய்டு ஹார்மோன், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன் உடலில் செலவாகும் வேகத்தைக் கூட்டுவதால், கையிருப்பே இல்லாதவருக்கு அதை முதலில் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து அட்ரினல் நெருக்கடி வரும். அதனால்தான் கார்டிசால் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மருந்தை முன்னதாகவே தொடங்குகிறார்கள்.

பிறகு, குப்பி. தூளாக வரும் இந்த மருந்து 100, 200, 500 மைக்ரோகிராம் என மூன்று வலிமைகளில் உண்டு. மூன்றையும் 5 மில்லி உப்புக் கரைசலில்தான் கரைக்க வேண்டும். கரைத்தபின் சிரிஞ்சில் இருக்கும் ஒரு மில்லியில் முதல் குப்பியானால் 20 மைக்ரோகிராம், இரண்டாவதானால் 40, மூன்றாவதானால் 100. பார்வைக்கு வேறுபாடு ஏதும் தெரியாது. "ஒரு மில்லி போடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் ஐந்து மடங்கு வரை பிசகலாம். ஆகவே உத்தரவை மைக்ரோகிராமில் எழுத வேண்டும், லேபிளை இருவர் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் வேகம் கூடாது. கரைத்ததை உடனே பயன்படுத்தி மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வேறு சிரைத் திரவங்களில் கலக்கக் கூடாது.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவரை ஊசிக்கு மாற்றும்போது அதே அளவை அப்படியே எழுதிவிடுவதும் நடக்கிறது. மாத்திரையில் 40 முதல் 80 சதவீதம்தான் குடலில் உறிஞ்சப்படுகிறது. ஊசியோ முழுவதும் இரத்தத்தில் சேர்கிறது. ஆகவே பொதுவாக முக்கால் பங்கே போதும். அறுவை சிகிச்சைக்காக இரண்டு மூன்று நாள் பட்டினி இருப்பவருக்கு, மேலே சொன்ன ஒரு வாரக் கணக்கின்படி, பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் இந்த ஊசி எளிதில் கிடைப்பதில்லை என்பதால், மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பதும் வழக்கம். அதை அரைகுறை சிகிச்சை என்று உறவினர்கள் கலங்க வேண்டியதில்லை.

உறவினர்கள் செய்யக்கூடிய பேருதவி, நோயாளி வழக்கமாக எடுக்கும் மருந்துச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் கொண்டுவந்து காட்டுவது. தைராய்டு அளவு ஏறும்போது, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினின் விளைவு கூடி இரத்தக்கசிவு வரலாம், இன்சுலின் தேவை அதிகரிக்கலாம், இதய மருந்தான டிகாக்ஸினின் பலன் குறையலாம். வீட்டில் யாரோ அலமாரியில் வைத்து மறந்த ஒரு சீட்டு, மருத்துவர் அளவை மாற்றியிருக்க வேண்டிய மருந்துக்கானதாக இருக்கக்கூடும்.

கடைசியாக, தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோனான டிஎஸ்ஹெச். மாற்றிய அளவுக்கு ஏற்ப அது நிலைகொள்ள ஆறு வாரம் வரை ஆகும். ஊசி தொடங்கிய மூன்றாம் நாள் அந்த எண் இன்னும் உயர்ந்தே இருக்கிறது என்று அளவை ஏற்றுவது தவறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை டி4, டி3 என்னும் தைராய்டு ஹார்மோன்களின் அளவுகள், நாடித்துடிப்பு, உடல் வெப்பம், இரத்த சோடியம் ஆகியவை. வார்டுக்கு மாறிய பிறகு புதிதாகப் படபடப்போ நெஞ்சில் இறுக்கமோ தோன்றினால், ஊசி போட்டு நாளாகிவிட்டதே என்று விடாமல் அன்றைய செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும்.